கூல் வாட்டர்: ஒரே பாட்டிலுக்கு ஏன் இத்தனை கருத்து?

கேள்வி இதுதான்: "புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தினமும் ஆபீஸுக்கு அடித்துக்கொள்ள ஒரு சென்ட் வேண்டும். டேவிடாஃப் கூல் வாட்டர் வாங்கலாம் என்று விசாரித்தால், ஒருவர் இதற்கு நிகரே இல்லை என்கிறார். இன்னொருவர் பாத்ரூம் கழுவும் லிக்விட் வாடை என்கிறார். மூன்றாமவர் அரை மணி நேரம்கூட நிற்காது என்கிறார். நான்காவது ஆள், அது அப்பா காலத்துச் சரக்கு என்று ஒதுக்குகிறார். யாரை நம்புவது?"

நான்கு பேரையுமே நம்பலாம், யாரும் பொய் சொல்லவில்லை. பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் ஆளுக்கு ஆள் மூக்கு வேறு, பாட்டில் தயாரான வருடம் வேறு, முகர்ந்து பார்த்த நேரம் வேறு, அதற்கு முன்னால் பழகியிருந்த வாசனைகள் வேறு. எந்தக் கருத்துக்குப் பின்னால் இவற்றில் எது இருக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், உங்களுக்கு அது ஒத்துவருமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் சரக்கைப் பற்றி. கூல் வாட்டர் 1988இல் வந்தது. டேவிடாஃப் என்பது ஜெனீவாவில் சுருட்டு வியாபாரம் செய்து பேர் வாங்கிய ஜீனோ டேவிடாஃபின் பெயர். அந்தப் பெயரில் சென்ட் தயாரிக்கும் உரிமை கோட்டி கம்பெனியிடம் இருக்கிறது. மணத்தைக் கட்டியவர் பியர் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர். ஈவ் சான் லோரான் நிறுவனத்துக்காக 1981இல் வந்த கூரோஸ் என்ற சென்ட்டும் அவருடைய வேலைதான். க்ரீட் என்ற நிறுவனம் 1985இல் வெளியிட்ட கிரீன் ஐரிஷ் ட்வீட்டுக்கும் கூல் வாட்டருக்கும் இருக்கும் சொந்தம் இரண்டையும் முகர்ந்தவர்களுக்கு உடனே தெரியும். அதிலும் பூர்தோனின் கை உண்டு என்று வாசனைத் தொழிலில் பரவலாகப் பேசுவார்கள். விலையில் மட்டும் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம்.

பெயர், நீல பாட்டில், விளம்பரத்தில் வரும் அலை எல்லாம் சேர்ந்து இதைக் கடல் வாசனை என்று நம்ப வைத்துவிட்டன. உள்ளே இருப்பது ஃபூஜேர் என்ற பழைய குடும்பம். 1882இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ருவாயாலில் தொடங்கியது அது. லாவண்டர், காய்ந்த புல் வாசனை தரும் கூமரின், ஓக் மரத்தில் படரும் பாசி, இந்த மூன்றும்தான் அதன் எலும்புக்கூடு. ஷேவிங் சோப்பு, ஆஃப்டர் ஷேவ், சலூன் என்று ஆண்களோடு சேர்த்து நாம் நினைக்கும் வாசனைகளில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான். பூர்தோன் இந்தக் கூட்டை எடுத்து, அதன் கனத்தைக் குறைத்து, மேலே ஒரே ஒரு செயற்கை மூலப்பொருளைத் தாராளமாக ஊற்றினார். அதன் பெயர் டைஹைட்ரோமைர்செனால்.

பெயர்தான் வாயில் நுழையாது, பொருள் தினமும் நம் மூக்கில் நுழைந்துகொண்டுதான் இருக்கிறது. பைன் மரத்து டர்பன்டைனில் கிடைக்கும் பைனீனிலிருந்து செய்கிறார்கள். தனியாக முகர்ந்தால் எலுமிச்சைத் தோலும் லாவண்டரும் கலந்து, ஓரத்தில் லேசாக ஒரு உலோகக் கூர்மை தெரியும். விலை மலிவு. சோப்பிலும் பிளீச்சிலும் போட்டாலும் கெடாமல் நிற்கும். இந்தக் குணத்துக்காகவே சென்ட் பாட்டிலுக்குள் வருவதற்கு முன்னால் அது சலவைப் பவுடருக்குள் போயிற்று. சென்ட் உலகத்தில் அதைத் துணிந்து பெரிய அளவில் போட்டது 1982இல் வந்த, கீ லரோஷ் நிறுவனத்தின் டிரக்கார் நுவார். செய்தவர் பியர் வார்னி. அதில் சுமார் 10 விழுக்காடு இருந்ததாகச் சொல்வார்கள். கூல் வாட்டரில் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு.

ஆக, 'பாத்ரூம் லிக்விட் வாடை' என்று சொல்கிறவரின் மூக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவர் அடையாளம் கண்டது சரியான பொருளைத்தான். இரண்டிலும் அதே மூலப்பொருள் இருக்கிறது. எதை முதலில் சந்தித்தார் என்பதில்தான் விஷயம். 1988இல் ஐரோப்பாவில் கடைக்குப் போய் கூல் வாட்டரை அடித்துப் பார்த்தவருக்கு அது புதிய காற்று. அந்த வெற்றியைப் பார்த்துவிட்டு எல்லாக் கம்பெனியும் அதே மணத்தை ஷவர் ஜெல், டியோ, ஷேவிங் ஃபோம், துணிக்கு ஊற்றும் கண்டிஷனர், தரை துடைக்கும் திரவம் என்று இறக்கிவிட்டன. 2000க்குப் பிறகு பிறந்த ஒருவருக்கு நகல்கள்தான் முதலில் அறிமுகம். இருபது வயதில் அசலை முகர்கிறார். அது அவருக்கு நகல்போல் இருப்பதில் வியப்பில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே வயதைச் சொல்லாமல் எழுதப்படும் விமர்சனத்தை நான் பாதிக்குமேல் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாடைக்கு ஒரு பேரைச் சொல்லிவிட்டால் மூக்கு அந்தப் பேரையே முகரும். ரேச்சல் ஹெர்ஸ் என்ற உளவியலாளரும் யூலியா ஃபான் கிளெஃபும் 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே கலவையை ஒருமுறை பார்மசான் சீஸ் என்றும், இன்னொருமுறை வாந்தி என்றும் சொல்லி முகரக் கொடுத்தார்கள். சீஸ் என்றபோது நன்றாக இருக்கிறது என்றவர்களே, வாந்தி என்றபோது முகம் சுளித்தார்கள். முகர்ந்தது அதே பொருள் என்று அவர்களால் நம்பவே முடியவில்லை. நீங்கள் ஏற்கெனவே பாத்ரூம் லிக்விட் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டீர்கள். கடையில் டெஸ்டரை அடித்ததும் முதலில் அந்த வார்த்தைதான் மேலே வரும். அது அடங்க ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஏனென்றால், அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தைப் பற்றியது. கூல் வாட்டரை மணிக்கட்டின் உள்பக்கம் ஒருமுறை அடித்துவிட்டு நேரம் விட்டு நேரம் முகர்ந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். முதல் நிமிடம் ஸ்பிரிட் வாடை, அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அது பறந்ததும் புதினா, பச்சை இலையைக் கசக்கின காரம், அதற்குள் அந்த உலோகக் கூர்மை. கொஞ்சம் உற்று முகர்ந்தால் கொத்தமல்லி விதையின் இதமான வாசனையும் பிடிபடும். கால் மணி நேரத்தில் கூர்மை மழுங்கி லாவண்டர் முன்னால் வருகிறது. அதன்கூடவே ஜெரேனியத்தின் ரோஜா கலந்த பச்சை வாசனை, ஆரஞ்சுப் பூவிலிருந்து எடுக்கும் நெரோலியின் மெல்லிய கசப்பு. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தோலில் மிஞ்சுவது வேறொரு மணம். வெதுவெதுப்பான கஸ்தூரி சாயல், மரம், லேசாகப் புகையிலை. சுருட்டுக்காரரின் பெயர் தாங்கிய சென்ட்டுக்கு அது பொருத்தம்தான். கைக்குட்டையில் அடித்து வைத்தீர்கள் என்றால் மறுநாள் காலையில் அந்த அடிமணம் மட்டும் சுத்தமாகத் தெரியும். கூல் வாட்டரை உயர்த்திப் பேசுகிறவர்களில் நிறைய பேர் பேசுவது இந்த இரண்டாவது, மூன்றாவது கட்டத்தைப் பற்றி. திட்டுகிறவர்கள் கடை வாசலைத் தாண்டுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டவர்கள்.

அடுத்தது 'நிற்காது' என்ற புகார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதற்குள் நான்கைந்து தனித்தனிக் காரணங்கள் ஒளிந்திருக்கின்றன.

நம் ஊர் மூக்கு வளர்ந்த விதம் முதல் காரணம். ஜவ்வாது, சந்தனம், அத்தர், மல்லிகைச் சரம் என்று வளர்ந்தவர்கள் நாம். காலையில் ஜவ்வாதைத் துளி எடுத்துக் காதுக்குப் பின்னால் தடவினால் மாலை வரை ஆளோடு கூடவே இருக்கும். அத்தர் எண்ணெயில் இருப்பதால் மெதுவாகத்தான் ஆவியாகும். நல்ல வாசனை என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்ற அளவுகோல் அங்கிருந்து வந்தது. கூல் வாட்டர் ஓ ட த்வாலெத் வகை. அந்த வகையில் வாசனைப் பொருள் பொதுவாக 5இலிருந்து 15 விழுக்காடுதான், மீதி பெரும்பாலும் ஆல்கஹால். குளித்துவிட்டு வந்த புத்துணர்ச்சியைக் கொஞ்ச நேரம் நீட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதற்காகப் போட்ட டைஹைட்ரோமைர்செனால் போன்ற லேசான பொருள்கள் பறக்கத்தான் செய்யும். பறந்து வந்து மூக்கில் படுவதால்தான் அவை குளிர்ச்சியாகத் தெரிகின்றன. குளிர்ச்சியும் வேண்டும், ஜவ்வாது மாதிரி நிற்கவும் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே பாட்டிலில் கிடைக்காது. அத்தர் அளவுகோலை வைத்து இதை அளக்கிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வெயிலும் ஒரு காரணம். 38 டிகிரியில் பஸ்ஸில் நின்று போகிறவர் தோலிலிருந்து, முதலில் தெரியும் அந்த மேல்மணம் அவசரமாகப் போய்விடும். வியர்வை மிச்சத்தைக் கரைத்துவிடும். அதே சென்ட்டை ஐரோப்பியக் குளிர்காலத்தில் கோட்டுக்குள் அடித்துக்கொண்டு ஏழு மணி நேரம் நின்றது என்று ஒருவர் எழுதினால், அவர் சொல்வது அவர் ஊருக்கு உண்மை. காய்ந்த தோலில் வாசனை சீக்கிரம் போகும், ஈரப்பசை உள்ள தோலில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அப்புறம் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், கழுத்துக்குப் போடும் பவுடர், நெற்றியில் சந்தனம். இவற்றுக்கும் சொந்த வாசனை இருக்கிறது. வாசனைப் பவுடர் போட்ட கழுத்தின் மேலேயே அடித்துக்கொண்டு, கூல் வாட்டர் ஒரு மாதிரி அடிக்கிறது என்றால், அவர் முகர்வது கலவையை.

மூக்கு பழகிப்போவது இன்னொன்று. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களிலேயே மூளை அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். உங்களுக்குத் தெரியாமல் போன வாசனை பக்கத்து சீட்டுக்காரருக்கு நன்றாகவே தெரிந்துகொண்டிருக்கும். தெரியவில்லையே என்று மதியம் மறுபடி நான்கு முறை அடிக்கிறவர்கள்தான் லிஃப்டில் எல்லோரையும் மூச்சுப் பிடிக்க வைக்கிறார்கள். நிற்கிறதா என்று தெரியவேண்டுமானால் வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள், உங்கள் மூக்கிடம் கேட்காதீர்கள். கடைகளில் நடுநடுவே முகர்வதற்குக் காபிக்கொட்டை வைத்திருப்பார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. 2011இல் வந்த ஒரு ஆய்வில் காபிக்கொட்டை, எலுமிச்சைத் துண்டு, வெறும் காற்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. வெளியே போய் நல்ல காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாலே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் மரபணு. மனித மூக்கில் வாசனையைப் பிடித்து மூளைக்குச் சொல்லும் ஏற்பிகள் சுமார் 400 வகை. அந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்து 1991இல் வெளியிட்டதற்காகத்தான் விஞ்ஞானிகள் லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் ஆக்சலுக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த 400இல் எது நன்றாக வேலை செய்கிறது, எது மந்தமாக இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருள் ஒருவருக்கு வியர்வை நாற்றம், இன்னொருவருக்கு இனிய வாசனை, மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லை. இதற்கு ஓஆர்7டி4 என்ற ஒரே ஏற்பியின் மரபணு வேறுபாடு பெரிய காரணம் என்று 2007இல் காட்டினார்கள். சென்ட்டுக்கு வந்தால், சிக்கல் கஸ்தூரி சாயல் தரும் செயற்கைப் பொருள்களில். கணிசமான பேருக்கு அவற்றில் ஏதாவது ஒரு வகை தெரியாமலே போகிறது. சலவைப் பொருளிலிருந்து சென்ட் வரை எங்கும் புழங்கும் காலக்சோலைட் என்ற செயற்கைக் கஸ்தூரியை ஒருவர் எவ்வளவு உணர்கிறார் என்பது ஓஆர்4டி6 என்ற ஏற்பியோடு தொடர்புடையது என்று 2022இல் சீனாவில் சுமார் ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது.

இதை விமர்சனங்களோடு பொருத்திப் பாருங்கள். கூல் வாட்டர் போன்ற சென்ட்டில் மேல்மணம் போனபிறகு கடைசி வரை நிற்பது கஸ்தூரியும் மரமும்தான். அந்தக் கஸ்தூரியே மூக்குக்கு எட்டாத ஒருவருக்கு, மேல்மணம் போன கையோடு சென்ட்டும் முடிந்துபோகிறது. அரை மணி நேரம்கூட நிற்காது என்று அவர் எழுதுவது அவருடைய மூக்குக்கு அப்பட்டமான உண்மை. பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு அதே நேரத்தில் சட்டை மணந்துகொண்டிருக்கலாம். இருவரும் சண்டை போட்டுக்கொள்வதில் அர்த்தமே இல்லை. வாசனையைப் பற்றி இந்த ஒன்றைப் புரிந்துகொண்டபிறகு, அடுத்தவர் ரசனையைக் கிண்டல் செய்யவே மனம் வராது.

அடுத்து, பாட்டில் தயாரான வருடம். 'முன்னால் இருந்த கூல் வாட்டர் வேறு, இப்போது தண்ணீர்' என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதை வெறும் பழைய நினைப்பு என்று தள்ளிவிட முடியாது. பெர்ஃப்யூம் கம்பெனிகள் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. மாற்றினால் அட்டையில் அறிவிப்பதும் இல்லை. ஆனால் மாற்றியே ஆகவேண்டிய கட்டாயங்கள் வந்திருக்கின்றன. ஓக் பாசியில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால், மென்மையான பூமணம் தரும் லைரல் ஆகியவை தோலில் ஒவ்வாமை உண்டாக்குகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடை செய்தது. 2019 ஆகஸ்டிலிருந்து அவை உள்ள புதிய சரக்கை அங்கே சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது, 2021 ஆகஸ்டுக்குமேல் கடையிலும் வைத்திருக்கக் கூடாது. லிலியால் என்ற பொருளுக்கு 2022 மார்ச் 1இலிருந்து தடை. இவை எல்லாம் பல பத்தாண்டுகளாக எண்ணற்ற சென்ட்களுக்குள் இருந்தவை. 1990இல் வாங்கியதற்கும் இன்று வாங்குவதற்கும் அட்டை ஒரே மாதிரி இருக்கலாம், உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். 2005க்குப் பிறகு வந்த பழைய அட்டை ஏதாவது வீட்டில் கிடந்தால் அதன் மூலப்பொருள் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2005இலிருந்து கேட்பதால் முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களின் பெயர்கள் இரண்டிலும் அச்சாகியிருக்கும், எது காணாமல் போயிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், இன்றைக்குக் கடையில் கிடைப்பதில் மேல்மணம் ஏறக்குறைய பழையபடியேதான் இருக்கிறது. அடிமணம் மெலிந்திருக்கிறது. அந்தப் புகையிலை, மரக் கனம் முன்புபோல் இல்லை. ஆனாலும் தினசரி உபயோகத்துக்கு அது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. பழையதை அனுபவித்தவர்களுக்குத்தான் இழப்பு தெரியும். அந்த வருத்தம் நியாயமானது, அதை ஒரு சாக்காக வைத்துப் புதியவர்களை விரட்டுவதுதான் நியாயமில்லை.

இதோடு போலிச் சரக்கும் சேர்ந்துகொள்கிறது. பிரபலமான சென்ட் எதற்கும் போலி உண்டு, இதற்கும் உண்டு. மேலே செலபேன் உறை, உள்ளே அதே நீல பாட்டில், முதல் ஐந்து நிமிடத்துக்கு அதே மணம். அதன்பிறகு வெறும் ஸ்பிரிட்டும் தலைவலியும். அட்டையின் அடியில் அச்சாகியிருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரே குழாய் கோணலாக இருப்பது, அட்டையில் எழுத்துப் பிழை, நம்ப முடியாத தள்ளுபடி, இவை எல்லாம் எச்சரிக்கை. 'நிற்காது' என்று எழுதியவர்களில் எத்தனை பேர் அசலைத்தான் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் இருக்கும் சந்தேகம். இன்னொரு குழப்பம், பெயர். கூல் வாட்டர் இன்டென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பெண்களுக்கான கூல் வாட்டர் 1996இலிருந்து இருக்கிறது, டியோ ஸ்பிரே தனி. எதைப் பற்றி எழுதுகிறோம் என்று சொல்லாமலே பலர் எழுதிவிடுகிறார்கள். டியோவை மட்டும் உபயோகித்துவிட்டுச் சென்ட் நிற்காது என்று சொல்வதும் நடக்கிறது.

கடைசியாக 'அப்பா காலத்துச் சரக்கு'. நம் பக்கத்தில் இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. வளைகுடாவில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் டைகர் பாம், சாக்லேட், இரண்டு சென்ட் பாட்டில் இருக்கும். அந்தப் பாட்டில்களில் கூல் வாட்டரும் அடிக்கடி இருந்தது. விசேஷத்துக்கு மட்டும் எடுத்து அடித்துவிட்டு மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு அது பெரியவர்களின் வாசனை. மற்ற புலன்களைப்போல் சுற்றிவராமல், வாசனைச் சேதி மூளையில் உணர்ச்சியும் நினைவும் இருக்கும் பகுதிகளுக்கு நேராகப் போகிறது. அதனால் அப்பாவை நினைத்து உருகுகிறவர் ஐந்துக்கு ஐந்து கொடுப்பார், பிடிக்காத வாத்தியாரை நினைவுபடுத்தினால் ஒன்று கொடுப்பார். அந்த மதிப்பெண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. உங்கள் ஆபீஸில் இருக்கிறவர்களின் நினைவு அவர்கள் இருவருடையதும் இல்லையே.

கூல் வாட்டருக்கு எதிர்முனையில், இப்போதைய ரசனைக்கு அடையாளமாக இருப்பது டியோர் நிறுவனத்தின் சோவாஜ் என்ற சென்ட். ஃபிரான்சுவா டெமாஷி செய்தது, 2015இல் வந்தது. பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழமும் மிளகும் மேலே, அடியில் ஆம்ப்ராக்சான் தாராளமாக. ஆம்ப்ராக்சானைக் கிளேரி சேஜ் என்ற செடியில் கிடைக்கும் ஸ்கிளாரியோலிலிருந்து செய்கிறார்கள். திமிங்கிலத்திலிருந்து வந்த அம்பரின் சாயலுக்கு அது மாற்று. அது நீண்ட நேரம் நிற்கும், அறை முழுக்கப் பரவும். சோவாஜில் பழகியவர் கூல் வாட்டரை அடித்துப் பார்த்துவிட்டு 'ஒன்றுமே இல்லையே' என்பார். கூல் வாட்டரில் பழகியவர் சோவாஜை முகர்ந்துவிட்டு 'மூக்கைக் கீறுகிறதே' என்பார். இன்னும் இருபது வருடத்தில் சோவாஜும் அப்பா காலத்துச் சரக்கு ஆகிவிடும். எவ்வளவு தூரம் பரவியது, எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணிச் சொல்லும் விமர்சனங்கள் இப்போது அதிகம். கல்யாண வீட்டுக்கு அந்தக் கணக்கு சரி. தினமும் எட்டு மணி நேரம் ஏசி அறையில் பத்துப் பேரோடு உட்காருகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. நெருங்கி வந்து பேசுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? கடைக்குப் போய் டெஸ்டரைக் காகிதத்தில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் இல்லாத கையில் ஒருமுறை அடித்துக்கொண்டு, அன்று வழக்கமான வேலையைப் பாருங்கள். பஸ்ஸில் போங்கள், டீ குடியுங்கள், ஏசியில் உட்காருங்கள். முதல் கால் மணி நேரம் பிடிக்காமல் இருந்து, பிறகு பிடித்தால் வாங்கலாம். முதல் கால் மணி நேரம் மட்டும் பிடித்து, பிறகு ஒன்றுமே தெரியாமல் போனால் வீட்டில் ஒருவரிடம் கையை நீட்டிக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிகிறது என்றாலும் வாங்கலாம், மூக்குக்கு எட்டாதது உங்களுக்கு மட்டும்தான். அந்த உலோகக் கூர்மை இரண்டு மணி நேரம் ஆகியும் உறுத்திக்கொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள், யார் என்ன புகழ்ந்தாலும் அது உங்கள் மூக்குக்கான சரக்கு இல்லை. உங்களுக்கு லாவண்டர் சோப்பு, ஷேவிங் கிரீம் வாசனை இயல்பாகவே பிடிக்கும் என்றால், கூல் வாட்டர் பிடிக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வாங்குவதென்றால் முதலில் 40 மில்லி போதும். குளித்து ஈரம் துடைத்தவுடன் மார்பில் ஒன்று, சட்டைக்குள் தோள்பக்கம் ஒன்று. வெயிலில் வெகுதூரம் போகிறவர் என்றால் சட்டையின் உள்பக்கத்தில் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம், துணியில் தோலைவிடக் கூடுதல் நேரம் நிற்கும். மதியத்துக்கு ஒரு சின்ன டிராவல் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, சாப்பிட்டு முகம் கழுவிய பிறகு ஒரே ஒருமுறை. பாட்டிலைப் பாத்ரூம் அலமாரியிலும் வண்டி டிக்கியிலும் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் மேல்மணத்தைத்தான் முதலில் கெடுக்கும், கூல் வாட்டரில் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது. அட்டையோடு பீரோவுக்குள் வையுங்கள். பக்கத்து மேசையில் ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ உள்ள ஒருவர் இருந்து, வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால், ஆபீஸ் நாட்களில் அடிக்காமல் விட்டுவிட்டு வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.